தென் துருவத்துக்குச் சரக்கு அனுப்பும் அரசுக் குத்தகை: சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அப்பா தொடங்கிய சின்ன நிறுவனம். சில லாரிகளை வைத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்கும் உறைவிடப் பள்ளிகளுக்கும் அரிசி, பருப்பு, உறைந்த கோழி என்று ஏற்றிப் போகிறீர்கள். மலேசிய நிதியமைச்சில் (எம்.ஓ.எஃப்.) பதிவு இருக்கிறது, அரசின் இணையக் கொள்முதல் தளமான இ-பெரோலேஹானில் செபுத் ஹார்கா, அதாவது விலைப்புள்ளி, போட்டுப் பழக்கமும் இருக்கிறது. அமெரிக்க அரசு அண்டார்டிக்கா ஆய்வு நிலையங்களை நடத்த ஒரே நிறுவனத்துக்கு 200 கோடி டாலர் குத்தகை கொடுத்ததைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய வேலையை ஏன் ஒருவரிடமே ஒப்படைக்கிறார்கள், நம்மைப் போன்றவர்கள் எங்காவது ஓர் ஓரத்தில் நுழைய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டீசல் மெக்கானிக்காக இருக்கும் மச்சானுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்பது கடைசி வரி. இது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது: அந்தக் குத்தகையில் அரசு எதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறது? அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றுக்கு விடை வந்துவிடும்.

நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். நானும் உங்கள் வட்டாரத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் வேலையில் தொடங்கி, லாபுவானில் எண்ணெய் மேடைகளுக்குப் பொருள் ஏற்றும் பிரிவில் பல காலம் இருந்தேன். பிறகு ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில், துருவ நிலையங்களுக்குப் பெட்டி கட்டி அனுப்பும் ஒரு துணைக் குத்தகை நிறுவனத்தில் சில ஆண்டுகள். ஆகவே கிடங்கு, காகிதம், குத்தகை வாசகம் இந்த மூன்றையும் நம்பிக்கையோடு பேசுவேன். பனிக்கட்டியின் மேல் நின்று வேலை பார்த்தவன் இல்லை. விமானம், மருத்துவம் பற்றி மேலோட்டமாகத்தான் சொல்ல முடியும்.

உறுதியானதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆண்டு முழுவதும் ஆள் இருக்கும் அமெரிக்க நிலையங்கள் அங்கே மூன்று: மெக்மர்டோ, துருவப் புள்ளியிலேயே இருக்கும் அமுண்ட்சென்-ஸ்காட், தீபகற்பப் பக்கம் பால்மர். மூன்றுக்கும் பொறுப்பு தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்.எஸ்.எஃப். நீங்கள் படித்த குத்தகையை 2011 டிசம்பரில் வென்றது லாக்ஹீட் மார்ட்டின். நீட்டிப்பெல்லாம் சேர்த்துப் பதிமூன்றரை ஆண்டுக்கான கணக்கு அது. 2016ல் அந்தப் பிரிவு லைடோஸ் நிறுவனத்தோடு இணைந்தபோது குத்தகையும் கூடவே போனது. அதற்கு முன் ரேதியான், அதற்கும் முன் அண்டார்டிக் சப்போர்ட் அசோசியேட்ஸ், ஐ.டி.டி., ஹோம்ஸ் அண்ட் நார்வர் என்று 1960களின் பிற்பகுதி வரை இந்த வரிசை பின்னோக்கிப் போகிறது. நிலையத்தை அரசு கட்டிச் சொந்தமாக வைத்துக்கொள்வதும், நடத்தும் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதும் அங்கே நீண்ட காலப் பழக்கம்.

ஆனால் "ஒரே நிறுவனம்" என்பதில் பாதிதான் உண்மை. ஆளையும் சரக்கையும் கொண்டுசேர்க்கும் பெரிய வேலை ராணுவத்தின் கையில் இருக்கிறது. பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய எல்.சி.-130 விமானங்களை ஓட்டுவது நியூயார்க் விமானத் தேசியக் காவல்படையின் 109வது பிரிவு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து சி-17 பறக்கிறது. கடலில் வழி வெட்டிக் கொடுப்பது 1976ல் சேவைக்கு வந்த போலார் ஸ்டார் என்ற கடலோரக் காவல்படையின் பனியுடைப்புக் கப்பல். பின்னால் வரும் சரக்குக் கப்பலையும் எண்ணெய்க் கப்பலையும் அமர்த்துவது கடற்படையின் சரக்குப் பிரிவு. குத்தகையாளருக்கு மிஞ்சுவது நிலையத்துக்குள் நடப்பதெல்லாம்: மின்சாரம், தண்ணீர், சமையல், பட்டறை, கிடங்கு, கட்டட வேலை, இவற்றுக்கான கொள்முதல். அதிலும் எல்லாவற்றையும் அவரே செய்வதில்லை. மருத்துவத்தை கால்வஸ்டனில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு பார்த்துக்கொண்டது. சமையலையும் தங்குமிடத்தையும் அலாஸ்கா பூர்வகுடியினருக்குச் சொந்தமான கானா-அயூ என்ற நிறுவனம் எடுத்தது. பெரிய அமெரிக்கக் குத்தகைகளில் உள்நாட்டுச் சிறு நிறுவனங்களுக்கு எந்தப் பங்கைக் கொடுப்போம் என்று முன்கூட்டியே திட்டம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடியினருக்குமான பூமிபுத்ரா ஒதுக்கீடு போல, அவர்களும் அரசுப் பணத்தில் ஒரு பங்கைத் தங்கள் மக்களுக்கென்று கட்டிவைத்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் அரசு எதை வாங்குகிறது? என் பதில்: குறித்த நாளில் பொருள் அங்கே இருக்கும் என்ற உறுதியை. மெக்மர்டோவுக்குச் சரக்குக் கப்பல் வருவது ஆண்டுக்கு ஒரே பருவத்தில், கோடை முடியும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில். கலிஃபோர்னியாவின் போர்ட் வைனீமியில் ஏற்றுகிறார்கள். அந்த ஏற்றத்தைத் தவறவிட்ட பெட்டி அடுத்த ஆண்டுதான் கப்பலைப் பார்க்கும். விமானத்தில் அனுப்பலாம், ஆனால் அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் போட்டி. துருவ நிலையத்தின் கதை இன்னும் கடுமை. பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பிவிட்டால், அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் வரை வழக்கமான விமானமே கிடையாது. அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் நாற்பது பேர் அளவிலான குழு, கிடங்கில் இருப்பதை வைத்துத்தான் உயிர் வாழ வேண்டும். ஜெனரேட்டருக்கு ஒரு சீல் இல்லையென்றால் இல்லைதான்.

நம் செபுத் ஹார்கா முறையில் பெரும்பாலும் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகும். அவர் தவறினால் அபராதம் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அங்கே அடுத்தவரைக் கூப்பிட நேரமே இல்லை. அபராதத் தொகையை வைத்து யாரும் ஜெனரேட்டரை ஓட்ட முடியாது. அதனால்தான் அந்தக் குத்தகையை நிலையான விலையில் கொடுக்காமல், செலவை ஈடுகட்டும் முறையில் கொடுத்தார்கள். குத்தகையாளர் செய்த நியாயமான செலவை அரசு கொடுத்துவிடும், அதற்கு மேல் தனியாக ஒரு கட்டணம் உண்டு. செலவை முன்கூட்டிச் சரியாகக் கணிக்க முடியாத வேலைக்கு இந்த முறையை அமெரிக்கக் கொள்முதல் விதிகள் அனுமதிக்கின்றன. பனி அந்த ஆண்டு எவ்வளவு தடிப்பாக இருக்கும், எத்தனை நாள் விமானம் நிற்கும் என்பதை எவராலும் டெண்டர் தாளில் எழுத முடியாது. எழுதச் சொல்லி வற்புறுத்தினால், கெட்டிக்காரர் பயத்துக்கும் சேர்த்து விலை போடுவார், விவரம் தெரியாதவர் குறைவாகப் போட்டுப் பாதியில் விழுவார்.

இந்த முறைக்குக் கொடுக்கும் விலையும் பெரியது. செலவைத் திருப்பிக் கேட்பவர் ஒவ்வொரு சென்னுக்கும் கணக்கு காட்ட வேண்டும், அதற்கு அரசு தணிக்கையாளர் ஏற்றுக்கொண்ட கணக்கு முறை வேண்டும். சின்ன நிறுவனத்துக்கு இந்தச் சுவரைத் தாண்டுவது பனிக்கட்டியைத் தாண்டுவதைவிடக் கடினம். பணம் இன்னொரு பக்கமும் கரைகிறது. 2012ல் நார்மன் அகஸ்டின் தலைமையிலான வல்லுநர் குழு அமெரிக்க அண்டார்டிக் திட்டத்தை அலசியபோது முக்கியமாகச் சொன்னது இதைத்தான்: சரக்குப் போக்குவரத்தும் பராமரிப்பும் பெரும்பங்கைத் தின்றுவிடுகின்றன, அங்கே மிச்சம் பிடித்தால்தான் அறிவியலுக்குக் காசு கிடைக்கும்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 2016ல் செர்கோ நிறுவனத்தோடு ஒரே ஒப்பந்தம்: நுயினா என்ற பனியுடைப்பு ஆய்வுக் கப்பலை வடிவமைத்து, கட்டிக் கொடுத்து, முப்பது ஆண்டு ஓட்டிப் பராமரிக்கவும் வேண்டும். மொத்தம் 190 கோடி ஆஸ்திரேலிய டாலர், அதில் வடிவமைப்புக்கும் கட்டுவதற்கும் 52.9 கோடி. கப்பலை ருமேனியாவில் கட்டினார்கள், 2021 அக்டோபரில் ஹோபார்ட் வந்தது. கட்டுபவரே ஓட்டவும் வேண்டும் என்றால் ஒழுங்காகக் கட்டுவார் என்பது இதன் தர்க்கம். நல்ல தர்க்கம்தான். ஆனாலும் உந்துவிசைப் பகுதியில் வந்த கோளாறால் கப்பல் சிங்கப்பூரில் பழுதுபார்ப்பில் நின்றது, 2022-23 பருவத்தைத் தவறவிட்டது. ஹோபார்ட்டின் டாஸ்மன் பாலத்துக்கு அடியில் போக அனுமதி கிடைக்காமல், எண்ணெய் நிரப்ப வேறு துறைமுகத்துக்குப் போக வேண்டிய நிலையும் வந்தது. இதற்கு முன்பே, 2021 ஏப்ரலில், வாடகைக்கு எடுத்த எம்.பி.வி. எவரெஸ்ட் கப்பலின் எஞ்சின் அறையில் நடுக்கடலில் தீப்பிடித்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு ஃபிரீமான்டில் போய்ச் சேர்ந்தது. எந்த வகை ஒப்பந்தம் போட்டாலும் கப்பல் ஒன்றே ஒன்றாக இருக்கும் வரை ஆபத்து அப்படியேதான் இருக்கும். நிபுணர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இது சரக்குப் பக்கம் நின்று பார்த்தவனின் முடிவு.

இப்போது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம், பெட்டி. துருவத்துக்குப் போகும் ஒரு மரப்பெட்டியை அருகில் வைத்துப் பார்ப்போம். உள்ளே ஆய்வகத்துக்கான திரவங்கள். வெளியே "உறையக் கூடாது" என்ற முத்திரை. இதைப் பார்த்துத்தான் வழிநெடுகச் சூடான இடத்தில் வைப்பார்கள். பக்கத்தில் "இந்தத் தேதிக்குள் தளத்தில் இருக்க வேண்டும்" என்ற நாள். விலைப்பட்டியலைவிட அந்த நாளுக்குத்தான் அங்கே மரியாதை. மரத்தில் வெப்பச் சிகிச்சை செய்ததற்கான சர்வதேச முத்திரை இருக்க வேண்டும். உள்ளே குலுங்காமல் இருக்க, நாம் சாதாரணமாகக் கொட்டும் வெள்ளை நுரை உருண்டைகள் கூடவே கூடாது. அண்டார்டிக் ஒப்பந்தத்தின் மாட்ரிட் நெறிமுறை, 1991ல் கையெழுத்தாகி 1998ல் நடைமுறைக்கு வந்தது, பாலிஸ்டைரீன் உருண்டைகளையும் கிருமிநீக்கம் செய்யாத மண்ணையும் அங்கே கொண்டுபோகத் தடை விதிக்கிறது. மண் என்றதும் பூந்தொட்டியை நினைக்காதீர்கள். பலகையின் அடியில் ஒட்டிய சேறு, டயர் பள்ளத்தில் காய்ந்த மண், குளிர்ச்சட்டையின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய புல் விதை, இவையும் கணக்கில் உண்டு. ஹோபார்ட் கிடங்கில் ஃபோர்க்லிஃப்டின் சக்கரத்தைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுவோம். கொள்கலனுக்குள் ஒருவர் டார்ச் விளக்கோடு மண்டியிட்டு மூலை மூலையாகச் சிலந்தியும் அந்துப்பூச்சியும் தேடுவார். ஒரு சிலந்தி வலை கண்டாலும் பெட்டி வரிசையிலிருந்து வெளியே வந்துவிடும்.

நீங்கள் உறைந்த கோழி ஏற்றுபவர் என்பதால் இன்னொன்று. அதே நெறிமுறையின்படி, கோழியிறைச்சியைக் கட்டுவதற்கு முன்பே நியூகாசில் நோய், காசநோய் போன்றவை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். தின்றது போக மிஞ்சியதை எரிக்க வேண்டும் அல்லது அங்கிருந்து அகற்ற வேண்டும். பென்குவினுக்கு நம் கோழி நோய் தொற்றிவிடக் கூடாது என்பதே காரணம். அப்புறம், அங்கே போன பேட்டரி, பிளாஸ்டிக், ரப்பர், மிச்ச எண்ணெய் எல்லாம் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே விலை போடும்போது போகும் பயணத்துக்கு மட்டும் போட்டால் நஷ்டம், திரும்பும் பெட்டிக்கும் சேர்த்துப் போட வேண்டும்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. குத்தகைக்குள் குத்தகை என்று அடுக்கிக்கொண்டே போனால், வேலை செய்பவருக்கு முதலாளி யார் என்பது மங்கிப்போகும். நம் தோட்டங்களில் நிர்வாகத்தின் நேரடித் தொழிலாளியாக இருந்தவர்கள் குத்தகைக்காரரின் ஆளாக மாறியபோது என்ன நடந்தது என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். சம்பளம் குறைந்தால் நிர்வாகம் குத்தகைக்காரரைக் காட்டும், குத்தகைக்காரர் நிர்வாகத்தைக் காட்டுவார். துருவத்திலும் அதே நோய் இருந்தது. 2022ல் என்.எஸ்.எஃப். வெளியிட்ட அறிக்கை, அங்கே பாலியல் தொல்லை பரவலான பிரச்சினை என்றும், புகார் சொல்லும் வழியில் ஊழியர்களுக்கு நம்பிக்கை இல்லை என்றும் பதிவு செய்தது. வெளியேற விமானமே இல்லாத இடத்தில் இது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். ஆளை வேலைக்கு வைக்கும் எந்தத் துணைக் குத்தகையிலும், புகாரை யார் கேட்பார், எத்தனை நாளில் பதில் சொல்வார் என்ற வரி இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். விலைப் பக்கத்தைப் படிக்கும் அதே கவனத்தோடு அந்த வரியையும் தேடுங்கள்.

சரி, மலேசியாவிலிருந்து நுழைய வழி உண்டா? நம் நாடு 1983லேயே ஐ.நா.வில் அண்டார்டிக்கா பற்றிய கேள்வியை எழுப்பியது. 2011 அக்டோபரில் அண்டார்டிக் ஒப்பந்தத்திலும், 2016ல் மாட்ரிட் நெறிமுறையிலும் சேர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்டிக் ஆய்வு மையம் இருக்கிறது, சுல்தான் மிசான் அண்டார்டிக் ஆய்வு அறக்கட்டளை ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது. ஆனால் சொந்த நிலையம் இல்லை. நம் ஆய்வாளர்கள் பிற நாடுகளின் கப்பலிலும் நிலையத்திலும் இடம் பெற்றுத்தான் போகிறார்கள். அதனால் இ-பெரோலேஹானில் துருவச் சரக்கு டெண்டர் வரும் என்று காத்திருந்தால் நாள் வீணாகும்.

அமெரிக்கக் கதவு நேரடியாக மூடியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்தில் மலேசியா பார்வையாளர்தான், உறுப்பினர் இல்லை. அமெரிக்காவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் நடப்பில் இல்லை. அதனால் குறிப்பிட்ட தொகைக்கு மேலான கூட்டரசுக் கொள்முதலில் மலேசியாவில் தயாரான பொருளுக்கு அவர்களின் சட்டமே தடையாக நிற்கும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வேறு. அந்த இரண்டு நாடுகளும் நம்மோடு சி.பி.டி.பி.பி. என்ற பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தத்தில் இருக்கின்றன, மலேசியாவுக்கு அது 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் அரசுக் கொள்முதலுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. வரம்புத் தொகைக்கு மேல் போகும், பட்டியலில் உள்ள அரசு அலுவலகங்களின் டெண்டரில் மலேசிய நிறுவனம் என்பதற்காக மட்டும் உங்களை ஒதுக்கக் கூடாது. இது காகிதத்தில் உறுதி. நடைமுறையில், ஹோபார்ட்டில் அல்லது கிறைஸ்ட்சர்ச்சில் கூப்பிட்டால் அரை மணியில் வந்து நிற்கும் ஆள் இல்லாத நிறுவனத்துக்கு நிலையத்துக்கான தினசரிப் பொருள் வேலை கிடைப்பது அரிது என்பது என் அனுபவம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் லாரியை வைத்து அந்தக் கதவைத் தட்ட மாட்டேன். லாரி அவர்களிடம் நிறைய இருக்கிறது. அளவுக்கும் தரத்துக்கும் கட்டித் தரும் பொருளோடு, அங்கே ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு நிறுவனத்துக்குச் சப்ளையராகப் போவேன். அதற்கு முன் நம் நாட்டிலேயே கடுமையான ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது: கடல் எண்ணெய் மேடைகள். தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் லைசென்ஸ், எந்த வகை வேலைக்கு என்று காட்டும் ஸ்வெக் குறியீடு, கெமாமான், லாபுவான், மீரி தளங்களில் கப்பல் கிளம்பும் நேரத்துக்குப் பொருள் சேர்ப்பது, உறைந்த பொருளின் வெப்பநிலையை வழிநெடுகப் பதிவு செய்வது. இதில் சில ஆண்டு ஒரு தேதியும் தவறாமல் ஓடிய பதிவேடு உங்கள் கையில் இருந்தால், ஹோபார்ட்காரர் அதை உட்கார்ந்து படிப்பார். எம்.ஓ.எஃப். சான்றிதழை மட்டும் காட்டினால் புரட்டக்கூட மாட்டார்.

மச்சான் விஷயம். அமெரிக்கக் குத்தகையாளர்கள் குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களைத்தான் எடுக்கிறார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நிலையங்களுக்கும் அந்தந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை வேண்டும். அதற்கு மேல் உடல், பல் பரிசோதனைகள் கடுமையாக இருக்கும். மலேசியக் கடவுச்சீட்டோடு போகக்கூடிய பாதை கடல்தான். வாடகைச் சரக்குக் கப்பலிலும் துருவச் சுற்றுலாக் கப்பலிலும் பல நாட்டவர் வேலை செய்கிறார்கள். டீசலில் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் மூன்றாம் நிலை இருந்தால் நல்ல அடித்தளம், ஆனால் அதோடு மாலுமிகளுக்கான சர்வதேசத் தரமான எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும் எஞ்சின் அறைக்கான தகுதியும் வேண்டும். மலாக்காவில் உள்ள அக்காடமி லாவுட் மலேசியாவில் விசாரிக்கச் சொல்லுங்கள். மாலுமி அட்டை மலேசியக் கடல்துறை மூலம் கிடைக்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "அண்டார்டிக்காவில் வேலை, மாதம் இருபதாயிரம் வெள்ளி, முதலில் பதிவுக் கட்டணம் கட்டு" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஒரு சென் கூடக் கொடுக்க வேண்டாம். நிறுவனத்துக்கும் அப்படித்தான். அமெரிக்க அரசுக் குத்தகைக்கான சாம்.கவ் தளத்தில் பதிவு இலவசம், ஆஸ்திரேலியாவின் ஆஸ்டெண்டர் தளத்தில் அறிவிப்புகளைப் பார்ப்பதும் இலவசம். பதிவு செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டுகள் நம் சின்ன நிறுவனங்களைத்தான் குறிவைக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தின் எம்.ஓ.எஃப். குறியீடுகள் எவை, குளிரூட்டும் லாரியில் வெப்பநிலைப் பதிவுக் கருவி இருக்கிறதா, உணவுப் பாதுகாப்புக்கான மெஸ்டி அல்லது ஹலால் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். கடல் மேடை வேலைக்கு எந்தக் குறியீட்டிலிருந்து தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.